வெர்லீன் டப்ஸ் முறைப்படி ஓய்வெடுத்த கதை

கறுப்பினப் பெண்கள் இனிமேல் ஓய்வெடுக்கலாம் என்று 'வெல்வெட் கிரௌன்' பத்திரிகை இந்த வருடம் மார்ச் மாதத்தில் அனுமதி கொடுத்தது. அதுவரை கொடுக்கவில்லை. போன வருடம் வந்தது 'முதலாளிப் பெண்' சிறப்பிதழ். தூங்குகிறவள் தோற்கிறாள் என்று அட்டையிலேயே தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின வருடம் 'கலங்காத பெண்' சிறப்பிதழ். அதை நம்பி அட்லாண்டாவில் எத்தனையோ பேர் பல்வலியைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள். இப்போது கலங்கலாம், தூங்கலாம். இரண்டையும் எப்படிச் செய்வது என்று பத்திரிகையே சொல்லித் தரும். நடுநடுவே மெத்தை விளம்பரம் வரும்.

வெர்லீன் டப்ஸுக்கு இந்த அனுமதி வந்த விஷயமே தெரியாது. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தாறு வயது. 'வெல்வெட் கிரௌன்' பத்திரிகையை அழகு நிலையத்தில், தலைக்கு மேல் டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது புரட்டுவாள். உதட்டுச் சாயம், ராசிபலன், பீச் பழப் பலகாரச் செய்முறை. அதோடு சரி. அதில் வரும் பெண்களுக்கெல்லாம் இடுப்பு எங்கே போனது என்று ஒரு சந்தேகம் மட்டும் அவளுக்கு நெடுநாளாக உண்டு.

அவளுக்கு இருந்த ஒரே குறை வேறு. அவளை எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற புருஷன் ராஸ்கோ, மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டே, "வெர்லீன், என் கண்ணாடி எங்க?" என்பான். சர்ச்சில் வரவேற்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. வாசலில் வரவேற்கிறவர்கள் போடும் வெள்ளைக் கையுறை காணோம் என்றாலும் சிஸ்டர் டப்ஸ்தான், பாஸ்டரைக் காணோம் என்றாலும் சிஸ்டர் டப்ஸ்தான். பேரப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரி, தங்கை லூர்லீன். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் நாலு பேர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கூப்பிட்டால் அவள் கால் தானாக எழுந்துவிடும், அதுதான் சனியன். மனசு வேண்டாம் என்று சொல்வதற்குள் கால் வாசலில் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை லூர்லீன் போன் செய்தாள்.

"அக்கா, திட்டக்கூடாது."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"போன ஜூலையில குடும்பம் மொத்தமும் பார்க்ல கூடினோமில்ல, அப்ப நீ நாற்காலியில தூங்கிட்டிருந்த போட்டோவ 'வெல்வெட் கிரௌன்' போட்டிக்கு அனுப்பிட்டேன்."

"எந்த போட்டோ? மடியில பன்றி விலா எலும்புத் தட்ட வச்சுக்கிட்டு, ராத்திரி தூங்குறப்ப போடுற ஊதாக் குல்லாவத் தலையில போட்டுக்கிட்டு இருந்தேனே, அதுவா?"

"அதான். நாலு பேர் வர்ற எடத்துல குல்லாவோட வந்து மானத்த வாங்குறியேன்னு அன்னைக்கு உன்னத் திட்டினேன். இப்ப பாரு, அந்தக் குல்லாதான் செயிச்சிருக்கு. இந்த வருஷத்தோட ஓய்ந்த பெண் நீதானாம்."

"ஓய்ஞ்ச பெண்ணா? யார்டி சொன்னா, நான் ஓஞ்சுட்டேன்னு?"

"முழுசாக் கேளு. அட்டையில உன் படம் வரும். அப்புறம் டைபீ தீவுல, கடலப் பார்த்த வீட்டுல, ஒரு வாரம். தனியா."

வெர்லீன் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கடல் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வீடும் படவில்லை. 'தனியா' என்ற சொல் மட்டும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அந்த வாரத்துக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள். இதைப் பத்திரிகைக்காரர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மறுவாரம் பத்திரிகையிலிருந்து மார்லோ பெட்டிகிரூ என்ற இளம்பெண் கூப்பிட்டாள். ஓய்வுத் துறை இயக்குநர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கொட்டாவி விட்டாள்.

"மிஸ் வெர்லீன், உங்க ஓய்வுப் பயணத்தப் பத்திச் சொல்லுங்க."

"பயணமெல்லாம் போகலம்மா. உக்காந்தேன். தூக்கம் வந்துடுச்சு."

"அதுக்கு முன்னாடி உங்களுக்குள்ள என்ன உடைஞ்சுது?"

"எனக்குள்ள ஒண்ணும் உடையல. நாற்காலிக் கால் ஒண்ணு லேசா ஆடுச்சு."

"சரி. உங்க ஓய்வ உங்ககிட்டேருந்து பறிச்சது யாரு?"

வெர்லீன் யோசித்தாள். பிள்ளை இவ்வளவு சிரமப்பட்டுக் கேட்கிறதே, வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று தோன்றியது. "ராஸ்கோவச் சொல்லலாம். பகலெல்லாம் கௌபாய் படம் பார்ப்பான். குதிரைச் சத்தம் தாங்காது."

மார்லோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அப்புறம் நிறுத்தி, தான் எழுதியதைப் படித்துக் காட்டினாள். 'தலைமுறை தலைமுறையாகத் தன்மேல் ஓடிய குதிரைக் குளம்புகளின் இரைச்சலிலிருந்து தன்னை மீட்டெடுத்த வெர்லீன்.'

இதை வெர்லீன் வீட்டில் சொன்னபோது ராஸ்கோ டிவியின் சத்தத்தைக் குறைத்தான். டிவி வாங்கிய நாளிலிருந்து அவன் தானாகக் குறைத்தது அதுதான் முதல் தடவை.

"தலைமுறை தலைமுறையாவா? நான் டிவி வாங்கியே நாலு வருஷந்தானே ஆச்சு?"

"பத்திரிகை பாஷை அப்படித்தான். நீ பாட்டுக்குப் படத்தப் பாரு."

"எம் பேரு வருமா?"

"குதிரை மட்டுந்தான் வரும்."

ஓய்வுக்கான முதல் பயிற்சி வகுப்பு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வைத்திருந்தார்கள். வெர்லீனுக்கு வாரத்தில் இஷ்டத்துக்குத் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். பீச்ட்ரீ தெருவில், கண்ணாடிக் கட்டடத்தின் பதினாலாவது மாடியில் அலுவலகம். அங்கே எல்லோரும் எல்லோரையும் ராணி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். "ராணி, பையத் திறந்து காட்டுங்க," என்றாள் வாசல் காவலாளி. "ராணி, அந்த லிஃப்ட் ரிப்பேரு, படியில ஏறுங்க."

மாடி ஏறிப் போய்ப் பார்த்தால் ஒரே ஓட்டம். 'மெதுவாக வாழ்' என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. அதன் அடியில் பெண்கள் கையில் தாள்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. மூச்சுப் பிரிவு ஆசிரியைக்கு மூச்சு வாங்கியது. மௌனத்துக்கான துணைத் தலைவி என்று ஒரு அம்மாள் வந்தாள். மௌனத்தின் மகிமையை விளக்க ஆரம்பித்தவள், காபி ஆறி, அதன் மேல் ஆடை படியும் வரை நிறுத்தவில்லை.

"உங்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லையாம்மா?" என்று வெர்லீன் மார்லோவின் காதில் கேட்டாள்.

"ஓய்வு இதழ் அச்சுக்குப் போற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது, ராணி. ஈஸ்டருக்குக்கூட நான் வீட்டுக்குப் போகல. எங்கம்மா எனக்குன்னு எடுத்து வச்ச பன்றிக்கறி இன்னும் ஃப்ரீசர்லயே கெடக்கு."

அப்போது கதவு திறந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள். தலைமை ஆசிரியர் டாக்டர் ஆரீலியா வாண்டர்ஹோர்ஸ்ட் வந்தார். ஏதோ ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்குப் பேசப் போய், அங்கே மரியாதைக்குக் கொடுத்த டாக்டர் பட்டம் அது. உடம்பில் பாலாடை நிறத்தில் உடை, தோள் வரை வழுக்கிக்கொண்டு விழும் முடி. அவர் அறையில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் யோசனை மடங்கிவிடும் என்பது அவர் கொள்கை.

"ராணிகளே," என்று ஆரம்பித்தார் டாக்டர் வாண்டர்ஹோர்ஸ்ட். "நம்ம அம்மாங்க ஓய்வே எடுக்காம ஒழச்சு ஒழச்சுத் தேஞ்சாங்க. அவங்கள ஒழைக்கச் சொன்னது யாரு? இந்தப் பத்திரிகைதான். அத நான் மறைக்கல. பெருமையாச் சொல்றேன். ஒழைங்கன்னு சொன்னோம், வித்துச்சு. தேஞ்சு போனதும் முகத்துக்கு க்ரீம் போடுங்கன்னு சொன்னோம், அதுவும் வித்துச்சு. இப்ப படுங்கன்னு சொல்றோம். நம்ம வாசகிக்கு என்ன வேணும்னு நம்மளவிட யாருக்குத் தெரியும்? அவளையே கேட்டா அவ எதையாவது சொல்லிக் குழப்பிடுவா."

எல்லோரும் விரல் நுனியால் கை தட்டினார்கள். சத்தம் போட்டுத் தட்டுவது ஓய்வுக்கு விரோதமாம்.

பிறகு டாக்டர், வெர்லீனைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். "நீங்க எப்படித் தூங்குவீங்க?"

"படுத்தாத் தூங்கிடுவேன், மேடம்."

"எந்த எண்ணத்தோட?"

"காலையில பஸ் எடுக்கணுமேங்கிற எண்ணத்தோட."

அறையில் ஒரு முனகல் எழுந்தது. மூச்சுப் பிரிவு ஆசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் கருணையோடு சொன்னார்: "அது ஓய்வு இல்ல, ராணி. அது வெறும் தூக்கம். கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம்."

சரி பண்ணுவதற்கு ஒரு பெட்டி நிறையச் சாமான் கொடுத்து அனுப்பினார்கள். வெர்லீன் தினமும் இரவு எட்டு மணிக்குப் படுக்கிறவள். இப்போது அதற்கு முன்னால் ஆட்டுப் பாலில் குளிக்க வேண்டும். ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி, அதன் ஓசை அடங்கும் வரை முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கால் விரலுக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். சுண்டு விரலுக்கு வருவதற்குள் ராஸ்கோ ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடுவான். இது போதாதென்று கைவிரலில் ஒரு மோதிரம். அவள் எப்படி ஓய்வெடுக்கிறாள் என்று அது பத்திரிகை ஆபீஸுக்குச் சொல்லிவிடும். அவள் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிய நேரத்தையெல்லாம் மோதிரம் 'கவனக்குறைவு' என்று கணக்கில் சேர்த்தது. கண் அயர்ந்த சமயம் பார்த்து மார்லோ போன் செய்து, "மிஸ் வெர்லீன், தூங்குறீங்களா? மோதிரத்துல ஒண்ணும் தெரியல," என்று கேட்பாள்.

வாரம் இரண்டு போனது. வெர்லீனுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் அப்படியே கண் சொருகியது. "வெர்லீன், பச்ச வந்து, போயி, மறுபடி சிவப்பே வந்துடுச்சு," என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், வரவேற்கிற இடத்தில் நின்றபடியே தூங்கி, வந்தவர் ஒருவரின் தோளில் சாய்ந்துவிட்டாள். பாஸ்டர் மேடையிலிருந்தே சொன்னார்: "ஓய்வினால் அவதிப்படும் நம்முடைய சகோதரி டப்ஸுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் ஜெபிப்போம்."

"விட்டுத்தொலையேன்," என்றான் ராஸ்கோ. "இந்த ஓய்வு உன்னக் கொன்னுடும் போலிருக்கே."

"டைபீ தீவு இருக்கு, ராஸ்கோ. ஒரு வாரம்."

"அங்க போயி என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அதுக்குத்தான் போறேன்." இவ்வளவு ஆசையா தனக்கு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அட்டைப்படம் எடுக்கும் நாள் வந்தது. ஸ்டூடியோ நடுவில் ஒரு பேருந்து நிற்கும் அளவுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். மெத்தைக் கம்பெனிதான் எல்லாச் செலவும். காலையிலிருந்து மதியம் வரை பத்திரிகையின் சிகையலங்காரக்காரி வெர்லீனின் முடியைக் கழுவி, எண்ணெய் வைத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, சூடான இரும்புத் தட்டால் இழுத்து இழுத்து நேராக்கினாள். வெர்லீன் கண்ணாடியில் பார்த்தாள். பட்டு மாதிரி பளபளவென்று தோளில் விழுந்தது முடி. தலையை இப்படி ஆட்டினால் இப்படிப் போனது, அப்படி ஆட்டினால் அப்படிப் போனது. தன்னையே பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு இந்தத் தலையோடு சர்ச்சுக்குள் நுழைந்தால் சிஸ்டர் பியூலா மே பொறாமையில் ஒரு மாதத்துக்குச் சாப்பிட மாட்டாள்.

"இப்ப அப்படியே சாஞ்சு படுங்க, ராணி," என்றார் டாக்டர் வாண்டர்ஹோர்ஸ்ட்.

வெர்லீன் கட்டிலைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று பருத்தி உறை போட்ட தலையணைகள். சரி என்று கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்து தன் ஊதா சாட்டின் குல்லாவை எடுத்தாள்.

சர்ச்சில் யாரோ பீர் பாட்டில் திறந்ததுபோல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

"குல்லா, மேடம். படுக்கச் சொன்னீங்களே."

இதை நான் விளக்கிச் சொல்லவே கூடாது. சொல்லித் தெரிய வேண்டிய நிலைமையில் ஒருத்தி இருந்தால் அவள் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். ஆனாலும் சொல்கிறேன். பருத்தித் தலையணை, முடியிலிருக்கும் எண்ணெயைக் குடித்துவிடும். முடியை முறித்துவிடும். அரை நாள் உட்கார்ந்து நேராக்கிய தலை ஒரே தூக்கத்தில் சுருண்டு, நசுங்கி, எழுந்து பார்த்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் அலறுவார். அதனால் நம் கறுப்பின வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித் தருவதற்கு முன்பே குல்லா மாட்டச் சொல்லித் தந்துவிடுவார்கள். வீடு தீப்பிடித்தாலும் குல்லாவோடுதான் வெளியே ஓடி வருவோம்.

"ராணி, இது மெத்தை விளம்பரம் வர்ற அட்டை," என்றார் டாக்டர். "முடி தலையணை மேல ஆறு மாதிரி ஓடணும்னு கம்பெனிக்காரங்க எழுதியே குடுத்திருக்காங்க."

"ஆறு ஓடினா அப்புறம் யாரு மேடம் திரும்ப நேராக்குவா?" என்றாள் வெர்லீன்.

"குல்லாவக் கண்டுபிடிச்சு வீட்டுக்கு வீடு சொன்னதே உங்க பத்திரிகைதான்னு எங்கம்மா சொல்வாங்க," என்றும் சேர்த்துச் சொன்னாள், உதவியாக இருக்கட்டுமே என்று.

"அது பழைய கதை," என்றார் டாக்டர். "கேளுங்க. குல்லா போடுறவ யாரு? நாளைக்கு எந்திரிக்கணுமேன்னு நெனைக்கிறவ. வேலைக்குப் போகணும், தலை கலையக்கூடாதுன்னு கவலப்படுறவ. நம்ம அட்டையில இருக்கிறவளுக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாது. அவ எந்திரிக்கவே மாட்டா."

"அப்ப செத்துட்டாளா, மேடம்?"

விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவள் இருமினாள். மார்லோ தரையைப் பார்த்தாள். தரையைப் பார்க்காதவர் அங்கே யாருமில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "குல்லா இல்லாம படுத்தா அட்டை. அட்டை வந்தா டைபீ தீவு. இல்லைன்னா இன்னொரு ராணியப் பார்த்துக்குவோம்."

வெர்லீன் குல்லாவைப் பக்கத்தில் வைத்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். கடல், வீடு, யாரும் கூப்பிடாத ஏழு நாள். மெல்ல மெல்லச் சாய்ந்தாள். தலையணைக்கு ஒரு சாண் உயரத்தில் கழுத்து நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தாள், போகவில்லை.

"எறங்க மாட்டேங்குது, மேடம்," என்றாள். உண்மையாகவே அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. "நான் வேணாம்னு சொல்லல. கழுத்து சொல்லுது."

"இதுல என்ன பெரிய கஷ்டம்?" டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் ஏறினார். "எல்லாரும் பாருங்க. இப்படி உக்காரணும். உலகத்த விடணும். தலைய இப்படி..."

தலை இறங்கியது. தலையணைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது.

டாக்டர் வியாழக்கிழமை தோறும் அரை நாள் உட்கார்ந்து நேராக்குகிற முடி அது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அந்தரத்தில் தலையை நிறுத்திக்கொண்டே பேசினார். "பார்த்தீங்களா, எவ்வளவு எளிது. ஓய்வுங்கிறது நம்ம உரிமை. நான் இப்ப முழு ஓய்வுல இருக்கேன்." கழுத்து நரம்பு புடைத்தது. தாடை நடுங்க ஆரம்பித்தது. படம் எடுக்கிற ஓடெல் மட்டும் கேமராவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வெர்லீனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெரிய மனுஷி, இப்படிக் கஷ்டப்படலாமா? எழுந்து சுற்றி வந்து, "கொஞ்சம் தலையத் தூக்குங்க, மேடம்," என்றாள். தன் ஊதாக் குல்லாவை விரித்து, அந்தப் பளபளப்பான முடியைச் சுருட்டி உள்ளே தள்ளி, காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள்.

டாக்டரின் தலை பொத்தென்று தலையணையில் விழுந்தது.

"ஓய்வுங்கிறது," என்றார் டாக்டர், "ஓய்வுங்கிறது ஒரு..."

அதோடு சரி. அடுத்த சத்தம் குறட்டை. அதுவும் லேசுப்பட்ட குறட்டை இல்லை, ராஸ்கோவின் குதிரைகளே ஒதுங்கி நிற்க வேண்டிய குறட்டை.

"இவங்க தூங்கி யாரும் பார்த்ததில்ல," என்றாள் மார்லோ கிசுகிசுப்பாக. "எழுப்பலாமா?"

"நீ எழுப்பு பார்ப்போம்," என்றாள் ஓடெல்.

யாரும் எழுப்பவில்லை. பிறகு மார்லோ மெதுவாகத் தன் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் குல்லா வந்தது. அதைப் பார்த்து மூச்சுப் பிரிவு ஆசிரியை தன் பையிலிருந்து சிறுத்தைப் புள்ளிக் குல்லாவை எடுத்தாள். சிகையலங்காரக்காரி, விளக்குக்காரி, எல்லோருடைய பையிலும் ஒன்று இருந்தது. மௌனத்துக்கான துணைத் தலைவி தங்க ஓரம் வைத்த குல்லாவை மாட்டிக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக வாயை மூடினாள். கட்டில் பெரியது. இடம் போதாதவர்கள் கீழே கம்பளத்தில் படுத்தார்கள்.

மெத்தைக் கம்பெனியின் ஆள் வந்து எட்டிப் பார்த்தான். ஒரு பத்திரிகை ஆபீஸே தன் மெத்தையில் மட்டையாகிக் கிடப்பதைப் பார்த்து, "நம்ம மெத்தை நெசமாவே வேலை செய்யுதா?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுக் காலடிச் சத்தம் கேட்காமல் போனான்.

தூங்காதவர்கள் இருவர். ஒருத்தி ஓடெல், அவள் தலையை மழித்தவள், அவளுக்கு இந்தக் கவலை இல்லை, வேலை இருந்தது. இன்னொருத்தி வெர்லீன். இரண்டு வாரமாகக் கண் எரிகிறது. எதிரே உலகத்திலேயே நல்ல மெத்தை. ஆனால் குல்லாவைத் தானம் கொடுத்தாகிவிட்டது. கட்டிலின் ஓரத்தில், எதிலும் சாயாமல், கழுத்தை நேராக வைத்து, கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இமை பாதி இறங்கும், தலை சாயப் பார்க்கும், திடுக்கிட்டு மறுபடி நிமிர்வாள்.

வெயில் சாய்ந்த பிறகுதான் டாக்டர் கண்ணைத் திறந்தார். ஒரு நிமிஷம் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. பிறகு தலையைத் தொட்டுப் பார்த்தார். ஓடெல் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். அந்தரத்தில் நின்ற தலை. அடுத்ததில் ஊதாக் குல்லா, திறந்த வாய், தலையணையில் ஈரம்.

"அழிச்சிடு," என்றார் டாக்டர்.

"அழிச்சா அட்டைக்குப் படம் வேணுமே, டாக்டர். இன்னும் ஒரு மணி நேரத்துல அச்சுக்குப் போகணும்."

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வெர்லீனைப் பார்த்தார். அந்த ஸ்டூடியோவில் இதைப் பற்றி வெளியே பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள்.

"மிஸ் வெர்லீன்," என்றார். ராணி எங்கோ காணாமல் போயிருந்தாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

"டைபீ வீட்டுச் சாவி, மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற யாரும் அங்க வரக்கூடாது."

சாவி கைமாறியது. டாக்டர் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். குல்லாவைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று வெர்லீன் கையை நீட்டினாள். டாக்டர் இரண்டு கையாலும் குல்லாவைத் தலையோடு பிடித்துக்கொண்டார். "இது எங்க கெடைக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்களே வச்சுக்குங்க, மேடம்."

அட்டையில் கடைசியில் வந்தது வெர்லீன் படம்தான். ஓடெல் அவளுக்குத் தெரியாமலே எடுத்தது. கட்டில் ஓரத்தில் கழுத்து நிமிர்ந்து, இமை பாதி இறங்கி, தூக்கத்தோடு உயிர் போகப் போராடிக்கொண்டிருந்த அந்த நிமிஷம். கீழே 'கடைசியில் ஓய்வு கண்டவள்' என்று போட்டார்கள். உள்ளே, உண்மையான ஓய்வு என்பது முதுகு நேராக உட்கார்ந்த நிலையில்தான் வரும் என்று டாக்டர் வாண்டர்ஹோர்ஸ்ட் நாலு பக்கம் எழுதியிருந்தார். இதழ் சுடச்சுட விற்றது. அட்லாண்டாவில் பாதிப் பெண்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழகினார்கள். மெத்தைக் கம்பெனி அடுத்த மாதமே முக்காலி தயாரிக்க ஆரம்பித்தது. சர்ச்சில் சிஸ்டர் பியூலா மே, "முடி நல்லா இருந்துச்சு, மூஞ்சிதான் ஒறங்கலையோன்னு தோணுச்சு," என்றாள். அந்த இதழைச் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

ராஸ்கோ அட்டையை டிவிக்கு மேலே மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "உள்ள குதிரை பத்திப் போட்டிருக்கான், படிங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வாரத்துக்குச் சமைத்து வைத்து, கண்ணாடி மூக்கில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டு வெர்லீன் டைபீ தீவுக்குக் கிளம்பினாள்.

வீடு சின்னதுதான். சன்னலைத் திறந்தால் கடல். முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. எந்த விரலுக்கும் நன்றி சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு புதுக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு படுத்தாள், தூங்கினாள், எழுந்து ரொட்டியும் பொரித்த மீனும் தின்றாள், திரும்பப் படுத்தாள். யாரும் கூப்பிடவில்லை. அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்றால், அவள் இடையில் ஒரு முறை அதற்காகவே விழித்து, கேட்டுவிட்டுத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, நல்ல வெயில் ஏறிய பிறகு, கதவு தட்டப்பட்டது.

"மிஸ் வெர்லீன்? நான்தான், ஆரீலியா. பெட்டியோட வந்திருக்கேன். அடுத்த வருஷத்துக்கு 'விழித்தெழு' சிறப்பிதழ் போடறோம். உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த கேக்கணும். அப்படியே இங்க ஒரு ஓரமாக் கொஞ்சம் படுத்துக்கவா?"

வெர்லீனின் இரண்டு காலும் போர்வையிலிருந்து வெளியே வந்து தரையைத் தொட்டன. அவள் அவற்றைக் குனிந்து பார்த்தாள். ஐம்பத்தாறு வருஷமாக யார் கூப்பிட்டாலும் இந்தக் கால்கள் இப்படித்தான் இறங்கின. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கட்டில்மேல் வைத்தாள்.

"மிஸ் வெர்லீன்? உள்ள இருக்கீங்களா?"

"இல்லம்மா," என்று மரியாதையாக, நன்றாகக் கேட்கும்படி பதில் சொல்லிவிட்டு வெர்லீன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.